ஜன்னலோரத்து டப்பி

பொய் சொல்வதற்கு வாய்தான் வேண்டும் என்பதில்லை. இரண்டு கைகளும் ஒரு திறந்த ஜன்னலும் இருந்தால் போதும். பல்செட்டுக்காரர் அப்படித்தான் ஒரு பொய்யைச் சொல்லி முடித்துவிட்டு, அதற்குப் பதில் வரும் நாளை எதிர்நோக்கியிருந்தார். அந்த நாள் வந்துவிட்டது.

கதையை நடுவில் பிடித்தவர்களுக்காகச் சற்றே பின்னால் போய்வருவோம். மலைச்சரிவில், பாறையின் மேலேயே அடித்தளம் போட்டுக் கட்டிய வீடு அவருடையது. தெருவிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. உள்ளே போய்ப் பின்பக்கத்துப் படியில் இறங்கினால், பாதி பூமிக்குள் புதைந்த கீழறை ஒன்று உண்டு. பல் மருத்துவர்கள் அனுப்பிவைக்கும் வாய்களுக்கெல்லாம் அவர் காலமெல்லாம் பல்செட்டுச் செய்தது அந்த அறையில்தான். மனைவி போன பிறகு அவ்வீட்டில் எஞ்சியவர் அவரும், கீழறை அலமாரியில் வரிசையாக நின்று அவரைப் பார்த்துச் சிரிக்கும், அச்சில் வார்த்த பிளாஸ்டர் மாவுத் தாடைகளுமே. அவற்றோடு அவர் பேசுவதும் உண்டு. பதில் வராதது ஒன்றுதான் குறை.

மகள் செவிலி. மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்ப்பவர்; கரைக்கு வந்தால் விருந்தாளி போல இருந்துவிட்டுப் போகிறவர். கைக்குழந்தையோடு தனியே அல்லாடுவதைவிட, இந்த ஊர் மருத்துவமனைக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு அப்பாவோடு வந்துவிடலாம் என்று அவள் முடிவு செய்தாள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள். அந்தச் சரிவில் உள்ள வீடுகளில் ரேடான் என்னும் வாயு இருக்கக்கூடும். பாறையிலிருந்து கசிந்து, தரை வெடிப்பின் வழியாகவும் குழாய் நுழையும் இடுக்கின் வழியாகவும் ஏறி, காற்றோட்டமில்லாத கீழறைகளில் தேங்கும். ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவரின் நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கவும் கூடும். ஆகவே முதலில் சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்றாள். சோதனை டப்பியையும், குளிர் நாளுக்கென்று இன்னொன்றையும் அவளே தபாலில் அனுப்பினாள். வீட்டின் அடித்தட்டு அறையில் வை, ஜன்னல்களை மூடி வை, சோதனை முடியும்வரை நகர்த்தாதே என்று அதனோடு வந்த காகிதத்தில் எழுதியிருந்தது.

மூடியைத் திறந்தாலே கண்ணில் நீரை வரவழைக்கும் திரவத்தோடு நாள்தோறும் புழங்குகிறவர் பல்செட்டுக்காரர். நிறமும் மணமும் இல்லாத ஒரு வாயு ஆளைக் கொல்லும் என்பதை அவரால் பாதிகூட நம்ப இயலவில்லை. ஆயினும் சொன்னபடி கீழறையில்தான் வைத்தார். மறுநாள் பார்த்தால், நாலு வீடு தள்ளியிருந்த தையற்கார அம்மாளின் வீட்டு வாசலில் பெட்டி படுக்கைகள். அவர்கள் வீட்டில் அளவு மிக அதிகமாம். மகனும் மருமகளும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கை காட்டி வழியனுப்பிவிட்டு, கேட்டைப் பிடித்தபடி தெருவையே பார்த்து நின்ற அந்த அம்மாளை இவர் தம் ஜன்னலிலிருந்து கண்டார். அவ்வளவுதான். டப்பி கீழறையிலிருந்து மேலே ஏறி, காற்று அலையடிக்கும் ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நம்பாத பாதியைக் கொண்டு வாயுவைக் கேலி செய்தவர், நம்பிய பாதியைக் கொண்டு டப்பியை இடம் மாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். கெடு முடிந்ததும் உறையில் இட்டு ஒட்டி, நல்ல பிள்ளையாக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியும் வைத்தார்.

இனி அன்றைய காலை.

ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தபோது மகளின் அழைப்பு வந்தது.

"அப்பா, ரிசல்ட் வந்துடுச்சு."

ரொட்டி தேநீருக்குள் விழுந்து கரைந்தது. அவர் அதை எடுக்க முயலவில்லை.

"என்னவாம்?"

"ரொம்பக் கம்மி. நான்தான் வீணா பயந்துட்டேன். எங்க ஆஸ்பத்திரி மாடியில வெச்சாக்கூட இவ்வளவுதான் இருக்கும்போல."

மாடியில் வைத்தால் அவ்வளவுதான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லிவைத்தார். குரல் சற்றுப் பிசிறடித்தது. மகள் அதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறாளாம். குழந்தையின் கட்டிலை அண்ணன் இன்று வேனில் கொண்டுவந்து போடுவானாம். அவள்தான் மல்லுக்கட்டி ஒத்துக்கொள்ள வைத்தாளாம். பட்டாணிக்கு, அதாவது பேத்திக்கு, கீழ்வரிசையில் இரண்டு பல் எட்டிப் பார்க்கின்றனவாம்.

"தாத்தா பொழைப்புல மண்ணைப் போட வந்துட்டா பாருங்க, சொந்தமா பல்லு முளைச்சுக்கிட்டு."

"முளைக்கட்டும், முளைக்கட்டும். எப்படியும் ஒரு நாள் என்கிட்டதானே வரணும்."

சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்பொலி கேட்டு வெகுகாலமாகியிருந்ததால் அவருக்கே அது அயலார் குரலாகப் பட்டது. பேச்சை முடிக்கும் தறுவாயில்தான் மகள் அதைச் சொன்னாள்.

"நாங்க கீழறையிலயே படுத்துக்கறோம்ப்பா. நீங்கதான் வேலையை முன்பக்கத்து ஷெட்டுக்கு மாத்திட்டீங்களே. அம்மா படுத்திருந்த இடம். குழந்தைக்கும் கதகதப்பா இருக்கும்."

பல்செட்டுக்காரர் மேலறையை வெள்ளையடித்து வைத்திருந்தார். திரைச்சீலை கூட மாட்டியாகிவிட்டது. அதை எடுத்துச் சொன்னார். மேலறையில் விடியற்காலைக் குளிர் ஊசியாய்க் குத்தும், குழந்தைக்குச் சளி கட்டும் என்று மகள் மறுத்தாள். கீழறையில் புழுக்கம் என்றார். அம்மா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லையே என்றாள். கடைசியில் அவள் ஒரே வாக்கியத்தில் வாதத்தை முடித்துவைத்தாள்.

"அதான் ரிசல்ட் நல்லா வந்துடுச்சே. அப்புறம் என்னப்பா?"

கைப்பேசியை வைத்துவிட்டு, கோப்பையின் அடியில் கூழாகக் கிடந்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏமாற்றியது ஒரு டப்பியை என்றுதான் இதுவரை எண்ணியிருந்தார். இப்போது அந்த இடத்தில் இரண்டு புதுப் பல்லோடு ஒரு குழந்தை வந்து படுத்துக்கொண்டது.

*

முற்பகலில் டிரில் மாஸ்டர் வந்தார். மூத்த வாடிக்கையாளர், வாய்தான் புதிது. கடைசிப் பல்லும் போன மாதம் விடைபெற்றுக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் தம் மரியாதை அடியோடு போயிற்று என்று புலம்பிக்கொண்டே ஷெட்டுக்குள் நுழைந்தார்.

"விசில் ஊதினா காத்து பக்கவாட்டுல போகுது சார். நான் ஊதினா பசங்க ஓடி வரணும். இப்ப உருண்டு சிரிக்கறானுங்க."

நாற்காலியில் உட்காரவைத்து, மேலும் கீழுமாக இரண்டு மெழுகுக் கட்டைகளை அவர் ஈறுகளின் மேல் பொருத்தினார் பல்செட்டுக்காரர். இயல்பாக வாயை மூடும்போது தாடைகள் எங்கே சந்திக்கின்றன என்று அந்த மெழுகில் குறித்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு பற்களை அடுக்குவதெல்லாம் அந்தக் குறியை நம்பித்தான்.

கடிக்கச் சொன்னதும் டிரில் மாஸ்டர் அணிவகுப்பில் நிற்பவர் போல மோவாயை முன்னே தள்ளிக் கடித்தார்.

"இது உங்க கடி இல்ல சார். போட்டோவுக்குக் கடிச்ச கடி."

"பின்ன எப்படிக் கடிக்கறது?"

"கடிக்கவே வேணாம். எச்சிலை முழுங்குங்க. முழுங்கறப்ப யாராலயும் நடிக்க முடியாது. தாடை தானா தன் இடத்துக்குப் போயிடும்."

டிரில் மாஸ்டர் விழுங்கினார். மோவாய் பின்வாங்கியது; முகமே தளர்ந்து, வயதான ஓர் எளிய மனிதர் நாற்காலியில் தென்பட்டார். பல்செட்டுக்காரர் மெழுகில் கோடு இழுத்தார்.

கட்டைகளை வெளியே எடுத்ததும், வம்புக்கென்றே கேட்பவர் போல டிரில் மாஸ்டர் ஒரு கேள்வி போட்டார். "நான் மொதல்ல கடிச்சதையே வெச்சுப் பண்ணியிருந்தா?"

"பண்ணலாம். பல்லு அழகாத்தான் வரும். மேசை மேல வெச்சா ஒரு குறை சொல்ல முடியாது." கத்தியைத் துடைத்துக்கொண்டே தொடர்ந்தார். "வாயில வெச்சாத்தான் தெரியும். முதல் நாள் உறுத்தும். அப்புறம் புண்ணாகும். அளவு எடுக்கறப்ப நடந்த பொய்யை அப்புறம் எவ்வளவு ராவினாலும் சரி பண்ண முடியாது, சார்."

சொல்லி முடித்தபின், சொன்னது யார் என்பது போலத் தம் கையையே ஒரு கணம் பார்த்தார். டிரில் மாஸ்டர் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். ஷெட்டில் மெழுகு வாசனை மட்டும் நின்றது.

*

மகனை வீட்டில் எல்லோரும் பெரியவன் என்றே அழைப்பது வழக்கம். லிப்ட் மெக்கானிக். நாளெல்லாம் மாடி மாடியாக ஏறி இறங்குபவனுக்குத் தகப்பன் வீட்டின் நாலு படியை ஏறத்தான் மனமில்லை. தாயின் இறுதிச் சடங்கன்று நடந்ததைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவள் வாழ்நாளில் புகையை வாயில் வைத்ததில்லை. "அடுப்பைத் தவிர வேற எதையும் பத்த வெச்சதில்ல டாக்டர்" என்று மருத்துவரிடமே வேடிக்கையாகச் சொன்னவள். அவளுக்கு நுரையீரலில் புற்று. பல்செட்டு வார்க்கும் பவுடர் பறக்கும் கீழறையில் கணவரின் அருகில் அமர்ந்து, எந்த முகத்துக்கு எந்த வெண்மை எடுக்கும் என்று பல்லின் நிறத்தைத் தேர்ந்து கொடுத்தவள். முழங்கால் குளிர் தாங்காமல் கடைசி ஆண்டுகளில் அந்தக் கீழறையிலேயே படுத்தவள். சுற்றமெல்லாம் கூடியிருந்த கூடத்தில் பெரியவன் எழுந்து நின்று, உங்க பல்லுப் பவுடர்தான் அம்மாவைக் கொன்னுச்சு என்று கத்தினான்.  அது உண்மையாக இருக்கக்கூடும் என்று தகப்பனாரே அஞ்சினார்.

அன்றிலிருந்து அவன் வாயில் "அப்பா" என்னும் சொல் வந்ததில்லை. பேச நேர்ந்தால் மொட்டையாகப் பேசுவான். கூப்பிட நேர்ந்தால் தொண்டையைச் செருமுவான்.

பிற்பகலில் வேன் வந்து நின்றது. செருமல் கேட்டது.

"கட்டிலை எங்க போடறது?"

மேலே போடேன் என்றார். கீழே போடச் சொல்லித் தங்கை உத்தரவு என்றான். அவளிடம் எதிர்த்துப் பேசி இருவருமே ஜெயித்ததில்லை. பலகைகளைத் தூக்கிக்கொண்டு அவன் படியிறங்கினான். தாயின் காரியத்துக்குப் பின் அவன் அந்தப் படியில் கால் வைத்தது அதுவே முதன்முறை. பல்செட்டுக்காரர் கம்பிகளை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். பெரியவன் உதவி கேட்கவும் இல்லை, வேண்டாமென்று தடுக்கவும் இல்லை.

கீழறை கதகதப்பாகத்தான் இருந்தது. ஒரு மூலையில் மாவு கரைக்கும் தொட்டி. அதன் குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கும் இடத்தில் விரல் நுழையும் இடைவெளி. சுவரோரமாக அவருடைய படுக்கை, அதாவது மனைவி படுத்திருந்த படுக்கை. அலமாரியில் தாடைகள்.

"பவுடர் எல்லாத்தையும் எடுத்தாச்சா? குழந்தை வர்ற இடம்."

"எல்லாம் ஷெட்டுக்குப் போயிடுச்சு. மூணு தடவை கழுவி விட்டேன்."

பெரியவன் ஸ்பேனரை எடுத்துக் கட்டிலின் காலைப் பூட்டத் தொடங்கினான். நிமிர்ந்தபோது அவன் பார்வை மேலே சென்றது. கூரையை ஒட்டி, வென்டிலேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான வெள்ளைச் சதுரம் ஒன்று இருந்தது.

"இதை எப்ப அடைச்சீங்க?"

அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அடைத்தது. காற்றடித்தால் மெழுகு ஒரு பக்கம் முந்தி ஆறிக் கோணிக்கொள்ளும்; ஒரு கோணல் விழுந்தால் ஒரு வாயே பாழ். தாடை வார்க்கும் மாவையே குழைத்து, அவர் தம் கையால் இழுத்துப் பூசி, துளைகூட விடாமல் அடைத்தார். எவ்வளவு நேர்த்தியாகப் பூசியிருக்கிறீர்கள் என்று மனைவி மெச்சிக்கொண்டாள். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. ரொம்ப நாளாச்சு என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது காலும் பூட்டியாயிற்று. பெரியவன் வேலையை நிறுத்திவிட்டுக் கட்டிலின் சட்டத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். அவரைப் பார்க்காமல், தாடைகளைப் பார்த்துப் பேசினான்.

"தங்கச்சி அந்த டப்பி விஷயத்தைச் சொன்னப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுமா? ரீடிங் ஜாஸ்தியா வரணும்னு நெனச்சேன்."

"ஏன்டா அப்படி?"

"வந்திருந்தா அம்மாவுக்கு வந்தது உங்க பவுடரால இல்ல, இந்தத் தரையாலன்னு இருந்திருக்கும். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் கத்தினேனே, அதுக்கு நேரா வந்து உங்க கால்ல விழுந்திருப்பேன்." ஸ்பேனரை உள்ளங்கையில் உருட்டினான். "தினம் லிப்டுக்குள்ள தனியா நின்னு இதைத்தான் ஒத்திகை பாத்துக்கிட்டு இருந்தேன். இப்ப அதுக்கும் வழியில்லாமப் போச்சுப்பா."

அப்பா என்று சொல்லிவிட்டான். சொன்னது அவனுக்கே தெரிந்ததோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டான்.

எத்தனை காலமாக அந்த ஒரு சொல்லுக்கு அவர் செவியைத் தீட்டி வைத்திருந்தார். இப்போது வந்துவிட்டது. பேசாமல் இருந்தால் அது நிலைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மகள் வருவாள், குழந்தை வரும், இவனும் தங்கையைப் பார்க்கும் சாக்கில் வாரம் ஒருமுறையேனும் எட்டிப் பார்ப்பான். பழி மட்டும் அவரிடமே இருக்கும். பழிதானே? பழகிப்போன பழி, அதைச் சுமந்துகொண்டு போய்விடலாம். வாயைத் திறந்தாலோ, மகள் வரமாட்டாள். பழியும் முழுதாக நீங்கிவிடப்போவதில்லை. தரையிலிருந்து வாயு வந்ததென்றே வைத்துக்கொண்டாலும், அது வெளியே போகவிடாமல் வழியை அடைத்தது யார் கை? வெள்ளைச் சதுரம் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

பூட்டாத கட்டில் கால் ஒன்று தரையில் கிடந்தது. அதன் முனையில் முயல்குட்டி படம்.

அவர் எச்சிலை விழுங்கினார். தாடை தன் இடத்துக்குப் போயிற்று.

"கட்டிலைப் பூட்டாதே."

"ஏன்?"

"அந்த டப்பி இங்க இல்லடா. மேல ஜன்னலோரம் இருந்துது. நான்தான் கொண்டுபோய் வெச்சேன். ஜன்னலையும் தொறந்து வெச்சேன்."

பெரியவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

"எதுக்கு?"

"ரீடிங் ஜாஸ்தின்னு வந்தா நீங்க யாரும் வரமாட்டீங்களேன்னு."

"நான்தான் எப்படியும் வர்றதில்லையே." எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். "அவகிட்ட யாரு சொல்றது?"

"நானே சொல்றேன்."

அவன் தலையசைத்தான்; சரி என்றா, உங்களை என்ன சொல்வது என்றா, அவருக்கு விளங்கவில்லை. படியேறினான். வேன் கதவு அறையும் ஓசை கேட்டது. சரிவில் இறங்கும் இஞ்சின் ஓசையும் கேட்டுத் தேய்ந்தது. மூன்று காலோடு கட்டில் ஒருக்களித்து நின்றது. அதனடியில் அவனுடைய கருவிப் பை திறந்தபடியே கிடந்தது. மறந்துவிட்டுப் போய்விட்டான்.

*

மகள் பணி முடித்து வரும் வேளை பார்த்து அவரே அழைத்தார். இது ஒரு வகையில் புதுமை. எப்போதும் அவள்தான் அழைப்பாள். சுற்றி வளைக்காமல் சொன்னார். மகனிடம் சொன்ன அதே வார்த்தைகளையே சொன்னார். வேறு வார்த்தைகள் அவரிடம் இல்லை.

 குழந்தை கைப்பேசியைக் கடிக்கும் ஓசை மட்டும் கடகடவென்று கேட்டது.

"அந்தக் காகிதத்துல முதல் பக்கத்துக்கு அப்புறம் படிச்சீங்களாப்பா?"

படிக்கவில்லை. எங்கே வைப்பது என்று தெரிந்துகொண்டதும் மடித்து வைத்துவிட்டார்.

அவள் கோபத்தை அடக்கிக்கொண்டு, நோயாளியின் உறவினருக்கு விளக்குவது போல நிதானமாக விளக்கினாள். அளவு அதிகமென்றால் வீட்டை விட்டு ஓட வேண்டியதில்லையாம். தரையின் வெடிப்புகளை அடைத்து, தரைக்கடியில் ஒரு குழாயை இறக்கி, விசிறி ஒன்றைப் பொருத்தி அந்தக் காற்றைக் கூரைக்கு மேலே தள்ளிவிட்டால், பெரும்பாலான வீடுகளில் அளவு இறங்கிவிடுமாம். அப்புறம் மறுபடியும் சோதித்துப் பார்த்துக்கொண்டால் சரியாம்.

"தையற்கார அம்மா வீட்டுல அந்த வேலைதான் நடக்குது. அவங்க மருமகளே போன்ல சொன்னா. தரையை உடைக்கறாங்கன்னு பசங்களைக் கூட்டிட்டுப் போயிருக்கா. வேலை முடிஞ்சதும் வந்துடுவாங்க."

பல்செட்டுக்காரர் ஜன்னல் வழியே பார்த்தார். நாலு வீடு தள்ளி, மணல் மூட்டைகளும் ஒரு நீளக் குழாயும் வாசலில் சாத்தியிருந்தன. இத்தனை நாளாக அங்கேதான் இருந்தன. அவர் கண்ணுக்குக் கேட்டைப் பிடித்து நின்ற அந்த அம்மாள் ஒருத்தியே தெரிந்தாள்.

"உங்கம்மாவுக்கு வந்தது..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை.

"ஒருத்தருக்கு எதனால வந்துச்சுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதுப்பா. இதனாலயும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்." மூச்சை இழுத்து விட்டாள். "ஞாயித்துக்கிழமை நான் வரல."

"சரிம்மா. குழாய் போட்டப்புறம்..."

"வாயுவுக்காக இல்லப்பா. வாயுவுக்கு வழி இருக்கு. நான் டியூட்டிக்குப் போனா இவ உங்ககிட்டதான் இருப்பா. ஜுரம் எவ்வளவுன்னு போன்ல கேட்பேன். நீங்க ஒரு நம்பர் சொல்வீங்க. அதை நான் நம்பணும்ல?"

 அவர் கைப்பேசியை மற்றொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

பின்னர் அவள் பேசியதெல்லாம் காரியப் பேச்சு. குளிர் நாளில் இன்னொரு முறை பார்க்கலாம் என்று இரண்டு டப்பிகளாக அனுப்பியிருந்தாளே, மற்றொன்று இருக்கிறதா? இருக்கிறது; உறை பிரிக்கவில்லை. அதைக் கீழறையில் வைக்க வேண்டும். எப்போதும் எப்படி இருக்குமோ அப்படியே அறை இருக்க வேண்டும்; புதிதாக எதையும் திறக்கக் கூடாது, உடைக்கக் கூடாது. அவர் மட்டும் இன்றிலிருந்து மேலறையில் படுக்க வேண்டும். ரீடிங் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

வைப்பதற்கு முன், பழக்கத்தால் அவள் வாயில் அந்தக் கேள்வி வந்துவிட்டது. "சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா" என்றார், பழக்கத்தால் வந்த பதில். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்லம்மா. இன்னும் சாப்பிடல. காலையில இருந்தே சாப்பிடல."

மறுபடியும் குழந்தை கடிக்கும் ஓசை.

"சாப்பிடுங்க" என்றாள் மகள். அவ்வளவுதான். ஆனால் குரல் சற்றே இறங்கியிருந்தது; அல்லது அவருக்கு அப்படித் தோன்றியது.

*

வெயில் சாயும் நேரத்தில் அவர் கீழறைக்கு இறங்கினார். உறையைப் பிரித்து டப்பியை எடுத்தார். கட்டைவிரல் அளவுள்ள சாதாரணப் பொருள். மாத்திரை டப்பி என்று யாரும் தூக்கி எறிந்துவிடக்கூடும். படுக்கையின் தலைமாட்டில், மனைவி தலை வைத்துப் படுத்த உயரத்தில், அலமாரித் தட்டில் ஒரு தாடையை நகர்த்தி அந்த இடத்தில் அதை வைத்தார்.

சுத்தியல் ஒன்று பெரியவனின் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. அதை எடுத்துக்கொண்டு, தொட்டியின் விளிம்பில் கால் வைத்து ஏறி, வெள்ளைச் சதுரத்துக்கு நேராக ஓங்கினார். ஒரு போடு போட்டால் போதும், காய்ந்த மாவு பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கை அந்தரத்திலேயே நின்றது. எதையும் உடைக்கக் கூடாது என்று மகள் சொல்லியிருக்கிறாள். எப்போதும் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும். அவர் காலமெல்லாம் சுவாசித்தது எது, மனைவி காலமெல்லாம் சுவாசித்தது எது என்று, நடிக்காமல் இந்த அறை ஒருமுறை சொல்லட்டும். சுத்தியலை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

படுக்கையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். படிக்கட்டருகே திரும்பிப் பார்த்தார். தாடைகள் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தன. அவற்றிடம் அன்று அவர் எதுவும் பேசவில்லை. கதவைச் சாத்தினார்.

மேலறையில் புதுச் சுண்ணாம்பு மணம். திரைச்சீலையில் அச்சிட்டிருந்த வாத்துக் குஞ்சுகள் வரிசையாக எங்கேயோ போய்க்கொண்டிருந்தன. ஜன்னலோரத்தில், டப்பி இருந்த இடத்தில், தூசியில் ஒரு சிறு வட்டம் மட்டும் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் படுக்கையை விரித்து அமர்ந்தார். ரொட்டியைத் தேநீர் இல்லாமல் வெறுமனே மென்றார்.

கீழே கிடக்கும் கருவிப் பை நினைவுக்கு வந்தது. நாளைக் காலையில் ஸ்பேனர் இல்லாமல் பெரியவன் எந்த லிப்டைத் திறப்பான்? சொல்லலாமென்று கைப்பேசியை எடுத்தார். பைக்காகக் கூப்பிட்டால் அதுவும் ஒரு சாக்காகப் படுமோ என்று கீழே வைத்தார். சாக்குச் சொல்லி ஆளை வரவழைத்தது போதும்.

தெருவில் யாரும் இல்லை. தையற்கார அம்மாளின் வீட்டில் ஒற்றை விளக்கு எரியத் தொடங்கியது. அவரும் எழுந்து தம் விளக்கைப் போட்டார்.

அப்போது சரிவில் ஓர் இஞ்சின் முனகிக்கொண்டு ஏறிவரும் ஓசை கேட்டது. பழக்கமான முனகல். வாசலுக்கு நேரே வந்ததும் நின்றது. அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்.

வேன் நின்றுவிட்டது. கதவு திறக்கும் ஓசை மட்டும் இன்னும் வரவில்லை.